ஸ்கோல்ஸை இங்கிலாந்து வீணடித்ததா, அவரே விலகினாரா?

நடுவட்டம்:
மான்செஸ்டர் யுனைடெட்டின் நடுக்கள ஆட்டக்காரர் பால் ஸ்கோல்ஸ் பெயரை எடுத்தாலே யாராவது ஒருவர் வந்து, "இங்கிலாந்து அணியில் லெஃப்ட் விங்கில், அதாவது இடது ஓரத்தில் போட்டு அந்த ஆளைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒப்பாரி வைக்கிறார். இருபது வருடமாக இதே பாட்டு. 1997இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்துக்கு அறிமுகமாகி, 2004 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) வரை 66 ஆட்டங்கள், 14 கோல்கள். இரண்டு உலகக் கோப்பை, இரண்டு யூரோ. ஒதுக்கப்பட்டவரின் கணக்கா இது? இடது ஓரத்தில் நிறுத்தியது கடைசிக் காலத்தில்தான். 29 வயதில், குடும்பமும் கிளப்பும் முக்கியம் என்று சொல்லி விலகியது அவர். இதில் இங்கிலாந்து வீணடித்தது எதை?

சிவப்புச் சட்டை:
ஒப்பாரிதான், வைத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 718 ஆட்டம், 11 லீக் பட்டம் என்று ஆடியவரை இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் எங்கே நிறுத்தினார்? நடுவில் ஜெரார்டும் லாம்பார்டும், வலது ஓரத்தில் கேப்டன் பெக்காம். மிச்சம் இருந்தது இடது ஓரம். யார் வாய் திறந்து சண்டை போட மாட்டாரோ, அவரை அங்கே தள்ளினார்கள்.

போர்ச்சுகலோடு ஆடிய 2004 யூரோ காலிறுதியை மறுபடி பாருங்கள். ஓவன் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். போர்ச்சுகல் நெருக்குகிறது. 57ஆவது நிமிடத்தில் ஸ்கோல்ஸை எடுத்துவிட்டு ஃபில் நெவிலை இறக்குகிறார்கள். பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தை ஆறப்போடத் தெரிந்த ஒரே ஆள் வெளியே உட்கார்ந்திருக்க, 83ஆவது நிமிடத்தில் போஸ்டிகா சமன் செய்தார். பிறகு பெனால்டியில் தோல்வி. அந்த ஆகஸ்டிலேயே ஸ்கோல்ஸ் இங்கிலாந்து அணிக்குக் கும்பிடு போட்டுவிட்டார்.

நடுவட்டம்:
நல்ல கதை. ஆனால் அந்தத் தொடரில் லாம்பார்ட் மூன்று கோல் போட்டார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே. ஒன்று இதே போர்ச்சுகலுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில். அவரையா வெளியே உட்கார வைக்கச் சொல்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. 2001 ஜூனில் ஏதென்ஸில் கிரீஸுக்கு எதிராக கோல் போட்ட ஸ்கோல்ஸ், இங்கிலாந்துக்காக அடுத்த கோலைப் போட்டது 2004 ஜூனில், குரோஷியாவுக்கு எதிராக. மூன்று வருட வறட்சி. 2002 உலகக் கோப்பையில் ஜெரார்ட் காயத்தால் வரவே இல்லை. ஸ்கோல்ஸ் நட்ட நடுவில், பக்கத்தில் சொந்த கிளப் தோழர் நிக்கி பட். அப்போதும் கோல் இல்லை. அதற்கும் லெஃப்ட் விங்தான் காரணமா?

சிவப்புச் சட்டை:
அதே வறட்சிக் காலத்தில்தான் 2002-03 சீசன் வருகிறது. யுனைடெட்டுக்கு அந்த ஒரே சீசனில் 20 கோல். எப்படி? ஸ்ட்ரைக்கர் வான் நிஸ்டல்ரூய்க்குப் பின்னால், திறந்த இடத்தில் ஆடவிட்டார் யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன். இங்கிலாந்துக்கு 4-4-2 (பின்னால் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர்) என்பது வேதம். இரண்டு ஸ்ட்ரைக்கர் இருந்தே ஆகவேண்டும், நடுவில் இரண்டே பேர்தான். ஆளுக்கு ஏற்ற சட்டை தைக்காமல், சட்டைக்கு ஏற்ப ஆளை வெட்டினார்கள்.

மஞ்சள் அட்டை:
ஆளை வெட்டியது என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம ஆள் ஸ்கோல்ஸ் போட்ட டேக்கிள்களையும் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வது) கொஞ்சம் பேசலாமே? 1999இல் ஸ்வீடனுக்கு எதிராக, பழைய வெம்ப்ளியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் இங்கிலாந்து வீரர் இவர்தான். அதே வருடம் டூரினில் யுவெண்டஸுக்கு எதிரான அரையிறுதியில் மஞ்சள் அட்டை வாங்கி, அதனால் தடை விழுந்து, சாம்பியன்ஸ் லீக் இறுதியைக் கோட் சூட்டில் உட்கார்ந்து பார்த்தார். டேக்கிள் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மேதைதான், மறுக்கவில்லை.

சிவப்புச் சட்டை:
அதே அரையிறுதியில் யுனைடெட் கேப்டன் கீனும் மஞ்சள் வாங்கி இறுதியைத் தவறவிட்டார். அவரைப் பற்றி மட்டும் தியாகி என்று எழுதுவீர்கள்.

நடுவட்டம்:
டேக்கிள் இருக்கட்டும். நாம் எந்த ஸ்கோல்ஸுக்காக அழுகிறோம் என்று யாராவது யோசித்தீர்களா? மைதானத்தின் ஆழத்தில் நின்று, நாற்பது கெஜத்துக்குப் பந்தை அளந்து போடுகிற ஸ்கோல்ஸ். பார்சிலோனாக்காரர்கள் புகழ்ந்த ஸ்கோல்ஸ். அவர் 2004இல் இல்லவே இல்லை, ஐயா. அப்போது இருந்தவர் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் தாமதமாக நுழைந்து கோல் போடுகிற ஆட்டக்காரர். 2005 கடைசியில் கண் பார்வை மங்கி, மாதக்கணக்கில் ஆடாமல் இருந்து திரும்பி வந்தபிறகுதான் பின்னால் இறங்கி ஆடத் தொடங்கினார். வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது, ஓட்டம் குறைந்துவிட்டது, ஃபெர்குசன் இடத்தை மாற்றினார். எரிக்சன் கையில் இல்லாத ஆளை அவர் எப்படி வீணடித்திருக்க முடியும்? இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

சிவப்புச் சட்டை:
பாதி சரி, பாதி அபாண்டம். 1999 காலத்தில் கீன் பக்கத்தில் நடுவில் ஆடியது யார்? அந்த பாஸ் எல்லாம் 2006இல் கண் டாக்டர் எழுதிக் கொடுத்ததா? 2001இல் நடுக்கள ஆட்டக்காரர் வெரோனை 2.8 கோடி பவுண்டு கொட்டி வாங்கி வந்ததால்தான் ஸ்கோல்ஸ் மேலே நகர்த்தப்பட்டார். இடம் மாறியது, ஆள் மாறவில்லை.

சரி, நீங்கள் சொல்கிறபடியே 2006க்குப் பிந்தைய ஸ்கோல்ஸ்தான் உண்மையான ஸ்கோல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 2007 நவம்பரில் வெம்ப்ளியில் குரோஷியாவிடம் 3-2 என்று தோற்று, 2008 யூரோவுக்கே போக முடியாமல் நின்றது இங்கிலாந்து. அதே சீசன் ஏப்ரலில் ஓல்டு டிராஃபோர்டில் பார்சிலோனாவுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்த ஒரே கோலில் யுனைடெட்டை மாஸ்கோ இறுதிக்கு அனுப்பினார் அவர். இதை இழப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நடுவட்டம்:
இழப்புதான். ஆனால் கதவைச் சாத்தியது யார்? 2006இல் இங்கிலாந்துப் பயிற்சியாளராக வந்த மெக்லாரன் திரும்ப அழைத்துப் பார்த்தார். 1999இல் யுனைடெட்டில் ஃபெர்குசனுக்குத் துணையாக இருந்தவர், ஸ்கோல்ஸை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர். அவருக்கும் முடியாது என்றுதான் பதில். 2010இல் அடுத்த பயிற்சியாளர் கபெல்லோ கேட்டார், அதற்கும் மறுப்பு. அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் இடது ஓரத்தில் ஆடியது யார் தெரியுமா? ஜெரார்ட். நடுவில் பாரியும் லாம்பார்டும். ஜெரார்டை வீணடித்தார்கள் என்று இங்கே யாராவது கண்ணீர் விட்டீர்களா? அவர் தொடர்ந்து ஆடி 114 ஆட்டங்களில் முடித்தார்.

மஞ்சள் அட்டை:
அல்ஜீரியாவோடு கோலே இல்லாமல் டிரா ஆன அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவன் நான். அன்று கண்ணீர் விட்டது எங்களுக்காக.

சிவப்புச் சட்டை:
இங்கிலாந்துக்கு ஆடப் போகாததால்தான் ஸ்கோல்ஸின் கால் பிழைத்தது. மற்றவர்கள் நாடு நாடாகப் பறந்துகொண்டிருந்த வாரங்களில் இவர் வீட்டில் இருந்தார். 2007, 2008, 2009, 2011 என்று நான்கு லீக் பட்டம். 2011இல் ஓய்வு பெற்று, 2012 ஜனவரியில் 37 வயதில் திரும்பி வந்து, 2013இல் இன்னொன்று. அவர் எடுத்த முடிவு அவருக்குச் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய அணியைத்தான் திட்டுகிறேன்.

தள்ளவில்லை என்பீர்கள். அப்படியானால் யுனைடெட்டில் அவரோடு ஆடிய கேரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நடுக்களம், அதே நிதானம். இங்கிலாந்துக்கு 2001இல் அறிமுகம், 2015 வரை வெறும் 34 ஆட்டம். ஸ்கோல்ஸாவது கோபித்துக்கொண்டு போனார் என்று வைத்துக்கொள்வோம், கேரிக்கை ஏன் ஓரங்கட்டினார்கள்? மூச்சிரைக்க ஓடுகிறவன்தான் மிட்ஃபீல்டர் என்று நம்பிய ஊரில் நின்று பாஸ் போடுகிறவனுக்கு இடமில்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நடுவட்டம்:
கேரிக் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. 2010இல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப்போய் ஒரு நிமிடம்கூட இறக்காமல் திருப்பி அழைத்து வந்தார்கள், அது அநியாயம். அதற்குத் தனியாக ஒரு திரி தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் கேரிக்குக்குச் செய்த அநியாயத்தைக் காட்டி ஸ்கோல்ஸ் வழக்கை ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.