ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டிரைவ்லைன் பழுது: வழியில் சந்தித்தவையும் செய்ய முடிந்தவையும்

இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகங்கள்தான் டிரைவ்லைன். கியர் விழுகிறது, இன்ஜின் இரைகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. இந்த நிலையில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று வண்டியின் அடியில் பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கவனிக்கட்டும். அது சுற்றினால் பழுது பின் ஆக்ஸிலில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்திருக்கும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் லாக் இல்லாததானால், முறிந்த பக்கம் சும்மா சுற்றும், நல்ல பக்கத்துக்கும் இழுவை போகாது. ஷாஃப்ட் சுற்றவில்லையா? கியர்பாக்ஸைச் சந்தேகிக்கும் முன் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவரைப் பாருங்கள். லீவர் நியூட்ரலில் இருப்பது தெரியாமல் இழுவை வண்டியை வரவழைத்தவர்கள் நிறைய.

---

பின் ஷாஃப்ட்டின் முனையில் வளைய விடும் இணைப்பான யூ-ஜாயிண்ட்டின் கிராஸ் (நடுவிலுள்ள சிலுவைத் துண்டு) திடீரென்று போவதில்லை. மெதுவாகப் போகையில் கீச் கீச் சத்தம், முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டங்' என்று ஓர் அடி, கிராஸ் முனைகளை மூடும் கப்களின் ஓரத்தில் சிவந்த துருப்பொடி. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அதோடு ஓட்டக் கூடாது. ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும்.

வழியில் செய்யக்கூடியது, ஷாஃப்ட்டையே கழற்றிவிட்டு முன் சக்கரங்களால் ஓட்டுவது. போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டான ஃபிளாஞ்சில் இரு பக்கமும் சுண்ணாம்புக்கட்டியால் அடையாளம் போடுங்கள். திரும்ப மாட்டும்போது இடம் மாறினால் அதிர்வு வரும். கப்கள் உதிர்ந்து ஊசி பேரிங் கொட்டாமல் டேப் சுற்றுங்கள். பிறகு முன் சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்களை லாக் செய்து 4 ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போடுங்கள். முழுநேர ஃபோர் வீல் வண்டியானால் முன், பின் ஆக்ஸில்களைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக் கட்டாயம், இல்லாவிட்டால் விசையெல்லாம் ஷாஃப்ட் இல்லாத முனைக்கே போகும். ஒரே ஆக்ஸில்தான் இழுக்கிறது என்பதால் தார் ரோட்டில் லாக்கோடு ஓட்டினாலும் இரு ஆக்ஸிலும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கு ஏறாது.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் முடியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகும் ஸ்லிப் யோக் வகை என்றால், உருவியதும் ஆயில் கொட்டும். அந்தத் துளையை அடைக்க வழியில்லாவிட்டால் ஷாஃப்ட்டைத் தொடாதீர்கள்.

---

பின் ஷாஃப்ட்டைக் கழற்றும்போது கைபிரேக்கையும் நினைவில் வையுங்கள். 2016 வரை வந்த பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் கைபிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் முனையில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் இல்லாதபோது டிஃப் லாக் விடுபட்டால் கைபிரேக் எதையும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் 2 ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) போடும் 'பார்க்' நிலைக்கும் இதே கதிதான். ஷாஃப்ட் கழற்றுவதற்கு முன்னாலேயே முட்டுக்கட்டை போடுவது இதனால்தான்.

முன் சக்கரங்களால் மட்டும் ஓட்டும்போது, செங்குத்தான மண் ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன் சக்கரம் வழுக்கும். இடம் இருந்தால் ரிவர்ஸில் ஏறுவது எளிது.

---

முன்பக்கம் பழுது என்றால் தலைவலி குறைவு. ஹப்களை ஃப்ரீ செய்து 2 ஹையில் வந்துவிடலாம். திருப்பும்போது 'டக் டக்' என்றால், சக்கரம் திரும்பினாலும் விசை கடத்தும் இணைப்பான சிவி ஜாயிண்ட். அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். ஃப்ரீ ஹப் இல்லாத வண்டியில் உடைந்த ஷாஃப்ட்டை முழுதாக உருவிவிட்டு ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே அந்த சிவி ஜாயிண்ட்டின் வெளித்தண்டும் நட்டும்தான். வெளிமுனையை மட்டும் பிரித்தெடுத்து ஹப்பில் மாட்டி, நட்டை முறுக்க அளவுப்படி இறுக்கினால் பேரிங் தப்பும்.

---

பழுதே இல்லாமல் பழுதுபோல் தெரிவது ஒன்று: பகுதிநேர ஃபோர் வீல் வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் 4 ஹையில் ஓட்டிவிட்டு, லீவர் சிக்கிக்கொண்டது என்பார்கள். ஸ்டியரிங் நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் வந்தால் முறுக்கு விடுபட்டு லீவர் வந்துவிடும். லீவரை உதைத்து, உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க்கை வளைக்க வேண்டாம்.

---

ஊர் வந்ததும் டிஃபரன்ஷியல் ஆயில் பாருங்கள். முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கில் கை வையுங்கள். மேலே துருப்பிடித்துத் திறக்காமல் போனால் காலி ஹவுசிங்கோடு நிற்க வேண்டியதுதான். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவு சில்லுகள் வந்தால் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களான கிரவுன் பினியனைத் திறந்தே ஆக வேண்டும். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிய ஆயில் ஊற்றுவதோடு காற்று போய்வரும் பிரீத்தர் குழாய் அடைத்திருக்கிறதா, ஆயில் சீல் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.