சிசேரியன் தையல் ஆறணும்னா பருப்பு சாப்பிடலாமா கூடாதா?

நித்யா_பெருந்துறை:
போன வாரம் சிசேரியன் ஆச்சுங்க, பையன். வீட்டுக்கு வந்ததுல இருந்து அத்தை பருப்பு, முட்டை, உருளைக்கெழங்கு எதுவும் தர மாட்டேங்கறாங்க, தையல் சீழ் வச்சுருமாம். மூணு வேளையும் பூண்டு ரசமும் சுட்ட அப்பளமும்தான். தண்ணி நெறைய குடிச்சா வயிறு சரிஞ்சு தொங்கிரும்னு ரெண்டு மடக்குதான் தர்றாங்க. தையல் மேல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு பத்து போடணுமாம். இயற்கையா ஆறுனா நல்லதுன்னு எனக்கும் ஆசைதான், ஆனா பயமா இருக்குங்க.

செல்வி_அக்கா:
பெரியவங்க சொல்றத கேளு கண்ணு. வயித்த கிழிச்சு தைச்ச உடம்பு, செரிமானம் மந்தமாத்தான் இருக்கும், அதுல துவரம்பருப்ப போட்டா வாய்வு பிடிச்சு நீயும் தூங்க மாட்ட புள்ளையும் தூங்காது. டிஸ்சார்ஜ் சீட்டுல நார்மல் டயட்னு ரெண்டு வார்த்தை எழுதி அனுப்பிடறாங்க, அப்புறம் அந்தப் பொண்ண பாத்துக்கறது யாரு? சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் போட்டு லேகியம் கிண்டி, ஒரு வேலை செய்ய விடாம படுக்க வச்சு பாக்கறது வீட்டுப் பொம்பளைங்கதான்.

வார்டு_சிஸ்டர்:
நான் பிரசவ வார்டு நர்ஸ். செல்வி அக்கா, படுக்க வச்சு பாத்துக்கறீங்க பாருங்க, அத எந்த ஆஸ்பத்திரியாலயும் செய்ய முடியாது, ஒத்துக்கறேன். ஆனா பட்டினி போட்டு எப்படிக்கா புண்ணு ஆறும்? புதுத் தோல் வளர்றதுக்கு புரதம் வேணும், தோல இழுத்துப் பிடிக்கற கொலாஜன் உண்டாக வைட்டமின் சி வேணும், பால் சுரக்க தண்ணி வேணும். தண்ணிய குறைச்சா மலம் இறுகும், முக்குனா தையல்லதான் போய் விழும். சீழ் வர்றது கிருமியால, பருப்பால இல்ல.

அப்புறம் அந்த பத்து. காஞ்சதும் நூலோட ஒட்டிக்கும், தண்ணி ஊத்தி உரிச்சா நூலும் சேந்து இழுபடும், அடியில தோல் செவந்து கசியும், இத வாரா வாரம் பாக்கறோம். தயவு செஞ்சு போடாதீங்க நித்யா.

மரபு_வைத்தியம்:
சிஸ்டர், மஞ்சள அவ்வளவு லேசா பேசாதீங்க. புண்ண ஆத்துற குணம் இருக்குன்னுதானே 1995ல அமெரிக்காவுல அதுக்கு பேடன்ட் வாங்குனாங்க, நம்ம அரசு ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் எதிர்த்து நின்னு, இது எங்க வீட்ல காலங்காலமா இருக்கறதுன்னு பழைய நூல்கள காட்டி 1997ல ரத்து பண்ண வச்சாங்க. வெளிநாட்டுக்காரன் மதிக்கறத நாம ஏன் தள்ளணும்?

வார்டு_சிஸ்டர்:
பேடன்ட் ரத்தானதுக்கு காரணம் அது புதுசா கண்டுபிடிச்சது இல்லைங்கறதுதான் ப்ரோ, ஆபரேஷன் தையல்ல அரைச்சுப் பூசலாம்னு யாரும் தீர்ப்பு குடுக்கல. மேல்தோல் 48 மணி நேரத்துல ஒட்டிக்கும், அப்புறம் அது கேக்கறது சுத்தமும் காஞ்ச துணியும்தான். அம்மியில அரைச்ச மஞ்சள்ல எந்தக் கிருமி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கடைப்பொடின்னா நெறம் தூக்க லெட் குரோமேட்ங்கற ஈயச் சாயம் கலக்கறவனும் இருக்கான். மஞ்சள பால்ல போட்டு குடிக்கட்டும், தாராளமா.

மரபு_வைத்தியம்:
கலப்படம் பண்றவன் தப்புக்கு மஞ்சள் என்ன பண்ணும்? கெழங்கா வாங்கி வீட்லயே இடிச்சுக்கலாமே.

மீனா_புதுச்சேரி:
எனக்கும் சிசேரியன்தான் தோழி. மருந்து மாத்திரை தவிர எனக்கு நெஜமாவே உதவுனது தலகாணிதான், இருமல் தும்மல் வர்றப்ப வயித்து மேல அழுத்திப் பிடிச்சுப்பேன், எழுந்திரிக்கறப்ப நேரா எழாம ஒருக்களிச்சு கைய ஊனி எழுவேன். அப்புறம் நடை. வீட்டுக்குள்ளயே மெதுவா நடந்தேன், கால்ல ரத்தம் கட்டாம இருக்க அதுதான் முக்கியம்னாங்க. படுத்தே கிடன்னு சொல்றதுதான் எனக்கு ஒப்பல செல்வி அக்கா, வெயிட் தூக்காம இருக்கணும் அவ்வளவுதான், 6 வாரம் வரைக்கும் குழந்தைய விட கனமா எதுவும் தூக்காதீங்க.

செல்வி_அக்கா:
நடக்க வேணாம்னு நான் எங்க சொன்னேன் மீனா? அடுப்படி வேலை, துணி தொவைக்கறது வேணாம்னுதான் சொன்னேன், இப்ப நடக்கச் சொல்லிட்டு அப்படியே வேலையும் வாங்கிடறாங்களே அத யாரு கேக்கறது? பத்தியம்னா பட்டினியும் இல்ல, எங்க ஊர்ல பால் சுறா புட்டு, கருவாட்டுக் குழம்புன்னு போட்டுத்தான் தேத்துவோம். வெறும் ரசத்துல மூணு வேளை ஓட்டறது பத்தியமே இல்ல.

வார்டு_சிஸ்டர்:
சுறா புட்டு போடுங்கக்கா, அத நான் ஏன் வேணாங்கப் போறேன்! நித்யா, ரத்தம் கட்டாம இருக்க வயித்துல ஊசி போட்டிருந்தா பச்சைப் பூண்டு, பூண்டு மாத்திரை மட்டும் வேணாம், சமையல்ல போடறது போதும்.

நித்யா_பெருந்துறை:
நேத்து அத்தைகிட்ட பேசுனேங்க, முட்டை சரின்னுட்டாங்க, பருப்புக்கு இன்னும் அசையல. இன்னொன்னு, தையலோட இடது ஓரத்துல லேசா ஈரமா இருக்கு, நைட்டியில மஞ்சளா கறை படுது, ஒடம்பு கொஞ்சம் சுடுது. சாதாரணம்தானுங்களா?

வார்டு_சிஸ்டர்:
இல்ல. ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்புங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. மேல எதுவும் தடவ வேணாம், சுத்தமான காஞ்ச துணி வச்சுட்டுப் போங்க. புள்ளையவும் கூட்டிட்டுப் போங்க, பால் குடுக்கணும்ல.

செல்வி_அக்கா:
சிஸ்டர் சொல்றதுதான் சரி, ஒடனே போ கண்ணு, பத்தெல்லாம் ஒன்னும் வேணாம். அத்தையவும் கூட கூட்டிட்டுப் போ, டாக்டர் வாயால கேட்டுக்கட்டும். பருப்ப மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல, முதல்ல பாசிப்பருப்புல தொடங்கு, துவரை அப்புறம் பாத்துக்கலாம்.