பதில்: பதில்: 'மாரல் ஐரனி' தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

செங்காங்:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு வியாழக்கிழமை 'விக்ரம் வேதா' (2017) பற்றிப் பாடம். போலீஸுக்கு வெள்ளைச் சட்டை, ரௌடிக்குக் கறுப்பு, இதைக் குறியீடு என்று எழுதியாயிற்று. ஆனால் நியாயம் பேசுகிற போலீஸ்காரர் கையிலேயே பழி இருப்பதும், வேதாளம் மாதிரி ரௌடி கதை சொல்லி அவரையே தீர்ப்புக் கேட்பதும், அந்த 'மாரல் ஐரனி'யை, அதாவது அறமே தலைகீழாகிற முரணை, தமிழில் எப்படிச் சொல்ல? 'அறமுரண்' என்று போட்டிருக்கிறேன், சரியா?

பீஷான்:
தம்பி, அறமுரண் என்றால் இரண்டு அறங்கள் மோதிக்கொள்கின்றன என்றுதான் படும். உங்களுக்கு வேண்டியது ஒரே அறம் தலைகீழாவது. ஐரனிக்கு 'முரண்நகை' என்ற சொல் இருக்கிறது, முன்னால் ஓர் 'அற' சேருங்கள், முடிந்தது.

ஜூரோங்:
எங்கே முடிந்தது? நன்னூல்படி முரண் + நகை சேர்ந்தால் முரணகை. அரண் + நன்று அரணன்று ஆகவில்லையா? கண் + நீர் கண்ணீர் ஆவதைக் காட்டாதீர்கள், அங்கே ண்-க்கு முன்னால் தனிக்குறில். அப்புறம், நகை எதற்கு? தொல்காப்பியர் நகைக்குச் சொன்னது எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்தப் படத்தில் யார் யாரை எள்ளுகிறார்கள்? விதி எள்ளுகிறது என்பீர்கள். போகட்டும். நகு என்ற வேரில் சிரிப்பு மட்டும் இல்லை, ஒளியும் உண்டு, கழுத்தில் போடுகிற நகையும் அந்த மின்னலில் வந்ததுதான் என்பது என் நெடுநாள் எண்ணம். என் முன்மொழிவு 'முறைகோடல்', அதாவது நீதி வளைவது. "முறைகோடி மன்னவன் செய்யின்" குறள்தான் ஆதாரம்.

உட்லண்ட்ஸ்:
ஐயா, முறைகோடியைப் பார்த்ததும் என் மகன் எத்தனை கோடி என்று கேட்பான். செய்தியில் மின்தூக்கி, வீட்டில் லிஃப்ட், அந்த மாதிரி இதுவும் தாளோடு நின்றுவிடும். ஐரனி என்றே எழுதிவிட்டுப் பாடத்தை நடத்துங்கள்.

தெம்பனிஸ்:
ஜூரோங் அண்ணன் நகை என்றதும் எனக்குச் சிலம்பு ஞாபகம் வந்துவிட்டது. திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்கிறான், பாண்டியன் விசாரிக்காமல் கொல்லச் சொல்லிவிடுகிறான். அப்புறம் கண்ணகி சிலம்பை உடைக்க, முத்துப்பரல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது, "யானோ அரசன் யானே கள்வன்" என்று விழுகிறான். குற்றம் சாட்டியவன், தீர்ப்புச் சொன்னவன், தண்டனை பெற்றவன், மூவரின் இடத்தையும் ஒரு பரல் மாற்றிவிடுகிறது! இதுதான் குறியீடு, சட்டை நிறமெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். பெயர் வைக்காமலே இளங்கோ காட்டிவிட்டார். அதற்காகப் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி, முரண்நகையே போதும், 'அற' கூட வேண்டாம்.

பீஷான்:
'அற' இல்லாவிட்டால் வெறும் கிண்டலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் விட மாட்டேன். மற்றபடி தெம்பனிஸ் அக்கா சொன்னது சரி.

செங்காங்:
நன்றி. தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'அற முரண் நகை' என்று இடைவெளி விட்டுப் போட்டுவிட்டேன், யாருக்கும் வருத்தம் வரக்கூடாதே. முதல் பத்து நிமிடம் பரல்தான், படம் அதற்கப்புறம்.

ஜூரோங்:
இடைவெளி விட்டால் புணர்ச்சி ஓடிப்போய்விடுமா? முரணகை.