மறு: ஹெச்டிஎம்எல் 'சானிடைஸ்' செய்வதற்குக் கலைச்சொல்

> துப்புரவாக்கம் அல்லது நச்சுநீக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். பயனர் இடும் ஹெச்டிஎம்எல்லில் (வலைப்பக்கக் குறியீட்டில்) தீங்கான நிரல் ஒளிந்து வராமல் பார்த்துக்கொள்வதைத்தான் சானிடைஸ் என்கிறோம்.

துப்புரவு என்றதும் நகராட்சி நினைவுதான் வருகிறது, விட்டுவிடலாம். எனக்குச் சிக்கல் நச்சுநீக்கத்தில். கெட்டதைத் தேடி எடுத்தால் போதும் என்று அந்தச் சொல்லே சொல்லிக்கொடுக்கிறது; நிரல் எழுதுபவரும் அப்படியே எழுதிவைப்பார்.

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்தது அதுதான். பயனர்கள் இடும் குறியீட்டிலிருந்து 'ஜாவாஸ்கிரிப்ட்' (உலாவியில் ஓடும் நிரல்மொழி) என்ற சொல்லைத் தளம் நீக்கிவந்தது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் (நம்மூர்ச் சாமி அல்ல, அமெரிக்கர்) ஜாவாவுக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவே ஒரு வரிமுறிவைச் செருகினார். வடிகட்டிக்கு அது வேறு சொல். சில உலாவிகளுக்கோ அதே சொல். ஒரு நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பக்கங்களில் அவர் எழுதிய புழு (தானே பரவும் நிரல்) ஏறிவிட்டது.

இன்று டாம்பியூரிஃபை போன்ற நிரலகங்கள் வந்த ஹெச்டிஎம்எல்லை முதலில் மரமாகப் பகுத்துக்கொள்கின்றன. அனுமதிப் பட்டியலில் உள்ள குறிச்சொற்களும் பண்புகளும் மட்டுமே தங்கும். தடித்த எழுத்துக்கான குறி இருக்கும், அதில் ஒட்டிவந்த ஆன்கிளிக் (சொடுக்கினால் நிரலை ஓட்டும் பண்பு) போய்விடும். இணைப்பு எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் சரி, ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கினால் கிடையாது. எஞ்சிய மரத்திலிருந்து ஹெச்டிஎம்எல்லைப் புதிதாக எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை: சலித்தெடுப்பு. சல்லடைக் கண் விடுவதுதான் மாவு. கப்பியில் எத்தனை வகை என்று யாரும் எண்ணுவதில்லை. கருவிக்குச் சல்லடை. வெறும் 'சலிப்பு' வேண்டாம், ஆவணம் படிப்பவர்களுக்கு அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

-----

> அந்தச் சொல்லே சொல்லிக்கொடுக்கிறது

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. வலைத்தள மென்பொருளான வேர்ட்பிரஸில் இந்த வேலையைச் செய்யும் கேசெஸின் பெயரை விரித்தால் 'கெட்ட நிரல்களை நீக்கும்' என்றே வரும். உள்ளே இருப்பது அனுமதிப் பட்டியல்தான்.

இருந்தாலும் சலித்தெடுப்புக்கு என் ஒப்பு உண்டு. ஒரு நிபந்தனை: எஸ்கேப் செய்வதற்கு இதே சொல்லைப் போடக் கூடாது. அங்கே எதுவும் கழிவதில்லை. கோணக்குறியை உலாவி வெறும் எழுத்தாகவே காட்டும்படி மாற்றி எழுதுகிறோம், அவ்வளவுதான். பயனர் பெயருக்கு அது போதும். தடித்த எழுத்தும் இணைப்பும் வேலை செய்ய வேண்டிய இடத்தில்தான் சல்லடை. நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டும் தனித்தனி வரியாக வரட்டும்.

விசைப்பலகை எஸ்கேப்புக்குச் சொல்லும் 'விடுபடு' இங்கே ஒட்டாது. 'மாற்றெழுத்தாக்கம்' சரிப்படுமா?