நட்சத்திரப் பேரரசில் பிரபுப் பட்டம்: யாருக்கு, எந்த விதிப்படி?

கேள்வி – கோள்வரைவன்
ஒரு அறிவியல் புனைகதைக்காகப் பேரரசு ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறேன். சுமார் 200 நட்சத்திர மண்டலங்கள். கப்பல்கள் ஒளிவேகத்தை நெருங்கும், மிஞ்சாது, செய்தியும் அப்படியே. போரில் வென்ற தளபதி, கொள்ளைநோய்க்கு மருந்து கண்ட விஞ்ஞானி, கஜானாவுக்குக் கடன் கொடுத்த வணிகர் ஆகிய மூவருக்கும் பேரரசி பட்டம் தர வேண்டும். ஒரே பட்டம் போதுமா? பிள்ளைகளுக்கும் போகுமா?

பதில் – ஏழாம்நிலா
பட்டத்தோடு கூட என்ன வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நெப்போலியன் 1808-ல் உருவாக்கிய பிரபு வரிசையில் கவுன்ட் பட்டம் வாரிசுக்குப் போக வேண்டுமானால், ஆண்டுக்கு 30,000 பிராங்க் வருமானம் தரும், விற்க முடியாத சொத்து இருக்க வேண்டும். அதற்கு அடுத்த கீழ்ப்பட்டமான பாரனுக்கு 15,000. தளபதிகள் பலருக்கு ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா, போலந்து என்று வென்ற நாடுகளில் நிலவருமானம் எழுதிக் கொடுத்தார். 1814-ல் அந்த நாடுகள் கைவிட்டுப் போனதும் பட்டம் மிஞ்சியது, பணம் போனது. உங்கள் தளபதிக்கு எல்லைப்புறக் கோளைக் கொடுத்தால் இதே ஆபத்துதான். ஆனால் எல்லையைக் காக்க அவருக்கு அதைவிடப் பெரிய காரணமும் கிடைக்காது.

விஞ்ஞானிக்கு நிலம் வேண்டாம். பிரிட்டனில் 1958 சட்டப்படி தருவதுபோல ஆயுட்காலப் பட்டமும் பிரபுக்கள் அவையில் இருக்கையும் போதும்.

பதில் – முத்திரைக்காவலர்
ஆயுட்காலம் என்றால் எந்தக் கடிகாரப்படி? ஒளிவேகத்தின் 99 சதவீதத்தில் போகும் கப்பலில் 1 ஆண்டு கழிந்தால் தலைநகரில் ஏறத்தாழ 7 ஆண்டு ஓடியிருக்கும். பயணத்திலேயே வாழும் பிரபு, நூற்றாண்டுக் கணக்கில் மானியம் வாங்குவார். மானியத்தைக் கப்பல் கடிகாரத்தோடு கட்டிவிடுங்கள். உறைதூக்கத்தில் இருப்பவருக்கு மானியமும் வாக்கும் நிறுத்தப்பட வேண்டும். பட்டம் மட்டும் நிற்கலாம். மனப்பிரதி எடுக்கும் தொழில்நுட்பம் இருந்தால், பிரதி வாரிசு ஆகாது என்று பட்டயத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் இறப்பே இல்லாத பிரபுக்கள் அவையை நிரப்பிவிடுவார்கள்.

நடைமுறை இப்படி இருக்கலாம்: ஆளுநர் பரிந்துரைக்கிறார், பதிவகம் பின்னணியை ஆராய்கிறது, வாரிசு விதியோடு பட்டயம் எழுதப்படுகிறது, முத்திரை விழுகிறது, அரசிதழில் வெளியாகிறது. ஆனால் 40 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பரிந்துரை போய்ப் பதில் வர 80 ஆண்டு. அதற்குள் விஞ்ஞானி போய்ச் சேர்ந்திருப்பார். அதனால் ஒவ்வொரு ஆளுநருக்கும் முன்கூட்டியே முத்திரையிட்ட, எண்ணிட்ட வெற்றுப் பட்டயங்கள் சிலவற்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். பேரரசி இறந்த பிறகும், அந்தச் செய்தி அந்த மண்டலத்தை எட்டும் நாள்வரை அந்தப் பட்டயங்கள் செல்லும். இந்த விதி இல்லாவிட்டால் பாதிப் பிரபுக்களின் பட்டம் வழக்கில் மாட்டும்.

சோழர் கால அதிகாரிகள் மன்னரின் பெயரைச் சேர்த்தே மூவேந்தவேளான், பிரம்மராயன் போன்ற பட்டங்களைத் தாங்கினார்கள். பேரரசியின் பெயரைப் பட்டத்தில் சேர்த்தால் எந்த ஆட்சியில் வந்தது என்பது கேட்டவுடனே தெரியும்.

பதில் – வரிக்குதிரை7
வணிகர் விஷயத்தில் கவனம். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1611-ல் பாரனெட் பட்டத்தை 1,095 பவுண்டுக்குக் கொடுத்தார். 30 வீரர்களுக்கு 3 ஆண்டுச் சம்பளம் அது. 200 பேருக்கு மேல் இல்லை என்பது வாக்கு. அந்த வரம்பு நிற்கவில்லை, விலையும் சரிந்தது. ரஷ்யாவில் 1722-ன் பதவி அட்டவணைப்படி சிவில் பணியில் 8-ஆம் படியிலேயே (1-ஆம் படிதான் உச்சம்) பரம்பரைப் பிரபுத்துவம் கிடைத்தது. கூட்டம் பெருகவே, 1845-ல் அது 5-ஆம் படிக்கும், 1856-ல் 4-ஆம் படிக்கும் உயர்த்தப்பட்டது. கீழ்ப்படிகளை ஆயுட்காலத்தோடு நிறுத்துங்கள். வணிகருக்கு அவை இருக்கை வேண்டாம். கடனைத் தனிப் பத்திரத்தில் தீர்க்கலாம்.

கோள்வரைவன்
ஆளுநர் கொடுத்த பட்டத்தைப் பேரரசி பிறகு ஏற்காவிட்டால்?

முத்திரைக்காவலர்
தலைநகர் உறுதிசெய்யும்வரை ஆயுட்காலப் பட்டம். உறுதியான பிறகே வாரிசுரிமை. மறுப்பு வந்தால் வாரிசுரிமை மட்டும் போகும், இருப்பவரின் பட்டம் செல்லும். பட்டயம் ஏறிய கப்பல் தொலைந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் அடிதடிதான். அதனால் மூன்று நகல்கள், மூன்று வெவ்வேறு கப்பல்களில்.