அந்தக் குழாயில் முதலில் வெந்தது யார் கை? (ஷொகோலா, 1988)

கோத்தகிரி டீசல்:
ஞாயித்துக்கிழமை குன்னூர்ல போட்ட ‘ஷொகோலா’ படத்துக்கு சில்வர் ஓக் எழுதின குறிப்பைப் படிச்சேன். “ஒரு குழந்தையின் கண்ணில் காலனியம். இறுதியில் வேலைக்காரன் எஜமானி மீதுள்ள கோபத்தைக் குழந்தையின் கையைச் சுட்டுத் தீர்த்துக்கொள்கிறான்.” எங்கங்க சுட்டான்? ஜெனரேட்டர் ஷெட்ல அந்தப் பொண்ணு (பேரே பிரான்ஸ்) குழாயைக் காட்டிச் சுடுமான்னு கேக்குது. வேலைக்காரன் புரோத்தே வாயைத் திறக்கல. தன் கையை வைக்கிறான். அதைப் பார்த்துத்தான் அதுவும் வைக்குது. அவன் கைதான் முதல்ல.

சில்வர் ஓக்:
குறிப்பு எழுதியது நான்தான். காட்சிகளின் வரிசையைக் கவனியுங்கள். இரவில் எஜமானி எமே, குழந்தையின் அம்மா, தரையில் உட்கார்ந்து அவன் காலைத் தொடுகிறாள். அவன் அவளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விடுகிறான். பிறகு அவளே கணவனிடம் சொல்லி அவனை வீட்டு வேலையிலிருந்து நீக்குகிறாள். அதற்குப் பிறகுதான் ஷெட், அதற்குப் பிறகுதான் குழாய். சுடும் என்று தெரிந்தவன் அவன், தெரியாதது குழந்தை. யார் கை முதலில் என்பதெல்லாம் சப்பைக்கட்டு.

மலைரயில்:
இது சாக்லேட் கடை வைக்கிற அம்மா கதைதானே? ஜூலியட் பினோஷ்?

வட்டக்கானல்:
அது 2000ல வந்தது, வேற படம். இது கிளேர் தெனியோட முதல் படம், கேமரூன்ல நடக்குது. பிரெஞ்சுப் பேச்சுவழக்குல ‘ஷொகோலா’ங்கற சொல்லுக்குச் சாக்லேட் மட்டுமில்ல, ஏமாந்து போறதுன்னும் அர்த்தம் உண்டு.

கோத்தகிரி டீசல்:
சப்பைக்கட்டா? சரி, குழாய்க்கே வருவோம். ஓடுற டீசல் இன்ஜின்ல சுடுற குழாய் ரெண்டு. ஒண்ணு தண்ணி வெளிய வர்ற குழாய், 75லிருந்து 85 டிகிரி. இன்னொண்ணு புகைக்குழாய். முழு லோடுல உள்ள ஓடுற புகை 400ஐத் தாண்டும். இரும்போட வெளிப்பக்கம் அதைவிடக் குறைவுதான், ஆனா அதுல சப்பாத்தி போடலாம். அதனாலதான் தேயிலை ஃபேக்டரியில சூடு தாங்குற கயிறு சுத்தித் தகரத்தால மூடி வைக்கிறாங்க. அதிர்வுல கயிறு தளர்ந்து இரும்பு வெளிய தெரியற இடத்துலதான் ஆள் சுட்டுக்குவான். இன்ஜினை நிறுத்தினாலும் உடனே ஆறாது.

ரெண்டுல எதுவானாலும் கணக்கு ஒண்ணுதான். 60 டிகிரிக்கு அஞ்சு செகண்ட், 70க்கு ஒரு செகண்ட். பெரியவங்க தோலே வெந்துரும். சூடு பட்டா மூளை யோசிக்கறதுக்கு முன்னாடியே தண்டுவடம் கையை இழுத்துரும். இழுக்காம வெச்சிருக்கான்னா வேணும்னே வெச்சிருக்கான். பழிவாங்க வந்தவன் எதுக்குங்க தன் கையை வேகவைக்கணும்? அவன் கைதான் முதல்ல.

பிரையண்ட் பூங்கா:
டீசல் சார், கணக்கு சரி. பாதிதான் போட்டிருக்கீங்க. வேலை செஞ்சு காய்ச்சுப்போன உள்ளங்கை அதே சூட்டைக் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும். ஏழெட்டு வயசுப் பிள்ளைக்குத் தோல் மெலிசு. அவனுக்குக் கொப்புளம், அவளுக்கு ஆயுசுக்கும் தழும்பு. பெரியவளான பிரான்ஸ் கையை ஒருத்தர் பார்த்துட்டு, இதுல பழசும் இல்ல, வரப்போறதும் இல்லன்னு சொல்றார் பாருங்க. மேல்தோல் மட்டும் வெந்தா ரேகை திரும்ப வந்துரும். அடித்தோல் வரைக்கும் வெந்தாத்தான் அழியும். அந்த அளவுக்குப் போகுற வரை பார்த்துட்டு நின்னது யாரு?

கோத்தகிரி டீசல்:
அவன் கையை யாருங்க ரேகை பார்த்தா? சொல்லுங்களேன். முதல்ல வெச்சது அவன்.

நாலாம் நம்பர் லைன்:
ஒரு சின்னச் சந்தேகம். குழந்தையின் கண்ணுன்னா என்ன? படுக்கையறைக் காட்சியில குழந்தையே கிடையாது. அப்ப அது யார் கண்ணு?

வட்டக்கானல்:
குன்னூர்ல போட்ட தமிழ் சப்டைட்டிலைப் பத்தி யாருமே பேசலையே. வேலைக்காரனை ‘பாய்’னு, அதாவது பையன்னு, கூப்பிடற இடத்துல எல்லாம் ‘தம்பி’! பாசமா கூப்பிடறாங்களாம். எஸ்டேட் பங்களாவுல நரைச்ச பட்லரையும் துரைசானி ‘பாய்’னுதான் கூப்பிட்டா. அதுல இருக்கிற கேவலம்தான் படமே. இடம் பத்தலைன்னும் சொல்ல முடியாது, ரெண்டே எழுத்து.

சில்வர் ஓக்:
சப்டைட்டில் போட்டதும் நான்தான். ‘பாய்’ என்று போட்டால் நம் ஊரில் படுக்கிற பாய் என்றோ, பிரியாணி பாய் என்றோ படிப்பார்கள்.

வட்டக்கானல்:
‘பையா’ன்னு போடறது. ஊட்டிப் பக்கம் துரை மேல இன்னும் பாசம் போகல போல. கலெக்டர் சல்லிவன் 1822ல ஆரம்பிச்ச கல் பங்களாவுக்குக் கும்பிடு போடற ஊராச்சே.

கோத்தகிரி டீசல்:
கொடைக்கானல்காரர் பேசறாரு! 1845ல அமெரிக்க மிஷனரி வந்து பங்களா கட்டின ஊரு உங்களுது. எங்களுக்குத் துரை, உங்களுக்குப் பாதிரியார். ‘தம்பி’ தப்புதான், அதுல நான் உங்க பக்கம். ஆனா இழையைத் திருப்பாதீங்க. குழாய்.

மலைரயில்:
காலனி காலனின்னு எழுதறீங்க. ஜெர்மனிக்காரன் 1916ல தோத்த பிறகு கேமரூன் பிரான்ஸ் பொறுப்புல விட்ட பகுதி. முதல்ல உலக நாடுகள் சங்கம், பிறகு ஐ.நா. 1960 ஜனவரி 1ல விடுதலை. காகிதத்துல காலனியே இல்ல.

பிரையண்ட் பூங்கா:
மலைரயில் சார், இப்பத்தான் பினோஷ்னு கேட்டீங்க.

சில்வர் ஓக்:
மீண்டும் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் கை வைத்தால் சுடாது என்றுதான் குழந்தை நம்பும். முகத்தைச் சுளிக்காமல் வைத்தான் அல்லவா? அந்தச் சுளிக்காத முகம்தான் பொய். வாய் திறக்காமலே சொன்ன பொய்.

கோத்தகிரி டீசல்:
முகம் சுளிக்காம இருக்கத்தான் அந்த வீட்டுல அவனுக்குப் பழக்கிவிட்டாங்க. எமே கவுனுக்குப் பின்னால முடிச்சுப் போடச் சொன்னாலும் அதே முகம், வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரன் லூக் வம்புக்கிழுத்தப்பவும் ரொம்ப நேரம் அதே முகம். குழாய்கிட்ட மட்டும் ஐயோன்னு கத்தணுமா? ஆரம்பத்துல ரொட்டியில எறும்பைத் தடவி ரெண்டு பேரும் தின்னாங்களே, அதுக்கும் பழின்னு குறிப்பு எழுதுவீங்களா? அங்கயும் ஒண்ணாத் தின்னான். இங்கயும் ஒண்ணா வெந்தான். முதல்ல அவன்.

நாலாம் நம்பர் லைன்:
கண்ணுன்னா என்னன்னு கேட்டேன்…

சில்வர் ஓக்:
போன மாதம் ரீல் வேகத்தைப் பற்றி நாற்பது பதிவு போட்டு இழையைப் பூட்ட வைத்தவர்தானே நீங்கள். குறிப்பில் ஒரு எழுத்தும் மாறாது. அடுத்த வாரம் கோத்தகிரியில் போடும்போதும் அதே தாள்தான்.

கோத்தகிரி டீசல்:
நிமிஷத்துக்கு எத்தனை பிரேம்னு அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி. கோத்தகிரிக்கு வாங்க. தாளைக் கொடுக்கிற வாசல்லயே நிப்பேன், பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன், யார் கை முதல்லன்னு.

வட்டக்கானல்:
அதுக்குள்ளயாவது ‘தம்பி’யை எடுத்துருவீங்களா?

சில்வர் ஓக்:
மாட்டேன்.

பிரையண்ட் பூங்கா:
டீசல் சார், தண்ணிக் குழாயா புகைக்குழாயான்னு இன்னும் நீங்க சொல்லலையே. புகைக்குழாயா இருந்தா அவன் கையே குழாய்ல ஒட்டியிருக்கும்.

கோத்தகிரி டீசல்:
ரெண்டுல எதுவானாலும் கணக்கு ஒண்ணுன்னு மேல எழுதியிருக்கேன். மறுபடி படிங்க.