கம்பாக்சன் ஓடேக்க எழுத்து சுணங்குது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கோ

பரந்தன்காரன்:
கிளிநொச்சியில எங்கட சின்ன ஒப்பீஸ். லாக் (நடக்கிறதை வரிசையாப் பதியிற குறிப்பு) சேமிக்க மூண்டு சேர்வரில புக்கீப்பர் எண்ட மென்பொருள், ஒரே பதிவைப் பல சேர்வரில வைக்கிறது. ஒரு எழுத்து, அதாவது ஒரு பதிவை எழுதி முடிக்கிறது, 5 மில்லிசெக்கனில முடியும். ஒருநாள் பகல் கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடிக்கிறதுக்குள்ள மூண்டும் விழுந்திட்டுது. எழும்பினதில இருந்து மணிக்கொருக்கா எழுத்து 2 செக்கன் மட்டும் இழுக்குது. முதல்ல நெற்வேர்க்கைத்தான் ஏசினன், பாவம்.

உண்மையான கள்ளன் கம்பாக்சன்: கோப்பில இன்னும் தேவையான (உயிருள்ள) தரவை மட்டும் புதுக் கோப்புக்கு மாத்தி, பழைய கோப்பை அழிக்கிற வேலை. உயிருள்ள தரவு 20 வீதத்துக்குக் குறைஞ்ச கோப்புகளை மைனர் (சின்ன) கம்பாக்சன் 3600 செக்கனுக்கு ஒருக்கா ஒதுக்கும். அந்தக் கணக்குத் தொடங்கிறது சேர்வர் எழும்பின நேரத்தில இருந்து. மூண்டும் ஒண்டா எழும்பினதால ஒண்டாவே ஓடுது. மூண்டில ரெண்டு பதில் வந்தாக் காணும் எண்டு வைச்சிருந்தம். ஒண்டு சுணங்கினா மற்ற ரெண்டும் சமாளிக்கும். மூண்டும் சுணங்கினா?

போதாததுக்கு ஜேர்னலும் (வாற எழுத்தை முதல்ல பதியிற கோப்பு) என்ட்ரி லாக்கும் (தரவு தங்கிற, கம்பாக்சன் ஒதுக்கிற கோப்புகள்) ஒரே டிஸ்கில. அருவி வெட்டு நேரம் ரோட்டில பாதிக்கு நெல்லுக் காயப்போட்டா, மிச்சத்தில பஸ் ஊர்ந்து போகுமே, அதுதான். ஜேர்னல் எழுத்து டிஸ்கில விழுந்தால்தான் பதில் போகும், அது கம்பாக்சனுக்குப் பின்னால நிண்டுது.

அண்டிரவே 20 நிமிச இடைவெளியில ஒவ்வொண்டா நிப்பாட்டி எழுப்பினன். பாதி வருத்தம் அதிலயே போச்சு. பிறகு ஜேர்னலுக்குத் தனி எஸ்எஸ்டி. ஆனா பெரிய கள்ளன் வேற: கம்பாக்சன் வேகம் செக்கனுக்கு 1000 என்ட்ரி (பதிவு) எண்டு இருந்துது. பார்க்கச் சின்ன எண். எங்கட என்ட்ரி ஒவ்வொண்டும் 100 கிலோபைற், பெருக்கிப் பாருங்கோ. என்ட்ரிக் கணக்கை விட்டு பைற் கணக்கில கட்டுப்படுத்தினன். இப்ப ஆகக்கூடினது 20 மில்லிசெக்கன்.

மாங்குளத்தான்:
அண்ணை, கடிவாளத்தைக் கண்டபாட்டுக்கு இறுக்காதேங்கோ. நான் ரொக்ஸ்டிபி எண்ட தரவுத்தளத்தில அப்பிடிக் கம்பாக்சனை மெதுவாக்கி வாங்கிக் கட்டினனான். லெவல் 0 இல, அதாவது புதுசா எழுதின கோப்புகள் கம்பாக்சனுக்குக் காத்து நிக்கிற அடுக்கில, கோப்பு 20 ஆக அதுவே எழுத்தை மெதுவாக்கும், 36 ஆக முழுசா நிப்பாட்டும். சுணக்கத்தைக் குறைக்கப் போய் எழுத்தே நிண்டிட்டுது. பின்னணி வேலைகளைக் கூட்டித்தான் மீண்டன்.

ஓமந்தையாள்:
புக்கீப்பரில அப்பிடி நிக்காது, ஆனா பழசு ஒதுங்காட்டி டிஸ்க் நிரம்பும். 95 வீதம் தாண்டினா வாசிக்க மட்டும் விடும். அதைப் பார்த்தனீங்களே அண்ணை?

பரந்தன்காரன்:
ஓம் தங்கச்சி, 81 மட்டும் ஏறிட்டுது. இப்ப பைற் அளவை நாளுக்குக் கொஞ்சமாக் கூட்டிறன். நாளுக்கொருக்கா ஓடுற மேஜர் (பெரிய) கம்பாக்சன், சேர்வரை ராவில எழுப்பினதால ராவுக்கே மாறிட்டுது. அது நான் நினைச்சுச் செய்ததில்லை.